நாற்பத்தோரு நாளில் ஒன்பது நாள் வேலை

1

போன வாரம் எங்கள் தொழிற்சாலையில் எனக்கு ஒரு பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் முடிந்துவிட்டதாம். அட்டையில் "திருமதி பழனிசாமிக்கு" என்று அச்சடித்திருந்தது. பழனிசாமி என் அப்பா. என் பெயர் தமிழ்ச்செல்வி. ஜெர்மனிக்கு வந்த புதிதில், விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அப்பா பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து பல் டாக்டர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாமக்கல்லில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலைந்து பேருக்குத்தான் துணிச்சல் இருந்தது. இங்கே ஒரு ஊரே கூப்பிடுகிறது.

கேக் வெட்டிய பிறகு எங்கள் மேலாளர் கேட்டார்: "பத்து வருடத்தில் நீங்கள் செய்ததில் உங்களுக்கு மிகவும் நிறைவு தந்தது எது?"

வாயில் ஏதோ ஒரு பதில் வந்தது. சொன்னேன், கை தட்டினார்கள். ஆனால் மனதில் வந்தது இந்தத் தொழிற்சாலையே இல்லை. போன வருடம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, என் தம்பியின் லாரி பாடி பட்டறையில் நடந்த ஒன்று. அதை அங்கே சொல்ல வேண்டுமென்றால் முதலில் நாமக்கல் என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொல்லவேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

2

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் விவசாயிகளுக்கான டிரெய்லர் செய்கிறோம். நான் அதைக் கையால் செய்வதில்லை. ஒரு டிரெய்லர் ஆர்டரான நாளிலிருந்து வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் அதன் கூடவே நடந்து, எங்கே வேலை நடக்கிறது, எங்கே சும்மா நிற்கிறது என்று எழுதுவதுதான் என் வேலை.

வந்த புதிதில் எனக்கு ஜெர்மன் மொழி அரைகுறை. சேர்ந்த இரண்டாவது வாரம் ஃபோர்மேன் ஓடிவந்து, பெயிண்ட் அறை வாசலில் பெரிய "ஷ்லாங்கே" இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ஷ்லாங்கே என்றால் பாம்பு என்று மொழி வகுப்பில் படித்திருந்தேன். நான் போகவில்லை. பக்கத்திலிருந்த பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, "யாராவது பிடித்துவிட்டார்களா?" என்று கேட்டேன். அந்த மொழியில் வரிசைக்கும் அதே சொல்தானாம். பெயிண்ட் அறைக்கு முன்னால் பதினோரு டிரெய்லர் வரிசையில் நின்றிருக்கிறது. அதைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் என்னைப் பார்த்தால் காலடியில் தேடுவதுபோல் நடித்துக் காட்டினார்கள்.

அந்த வரிசைகளைத் தேடுவதுதான் எங்கள் முறை. ஆங்கிலத்தில் வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங் என்பார்கள். பெயர்தான் பெரிது. ஒரு நீளமான தாளில், வாங்குகிறவர் கேட்டதிலிருந்து அவர் கைக்குப் போகிற வரைக்கும் ஒவ்வொரு படியையும் கட்டம் போடுவோம். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் கை பட்ட நேரத்தை எழுதுவோம். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் காத்துக் கிடந்த நேரத்தை எழுதுவோம். வாங்குகிறவருக்கு வேண்டியது முதலாவதுதான். இரண்டாவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் தாளில் எப்போதும் அதுதான் பெரிதாக இருக்கும்.

தொழிற்சாலையில் மட்டுமில்லை. என் குடியுரிமை விண்ணப்பம் பதினாறு மாதம் நடந்தது. அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதற்கும் தாளில் கட்டம் போட்டேன். விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்திருந்தது. மூன்று முறையும் காரணம் நான்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, கல்யாணச் சான்றிதழில் வேறொன்று. அதற்குப் பிறகு திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

3

போன வருடம் பெரியம்மா மகன் கல்யாணத்துக்காக ஆறு வாரம் விடுப்பு எடுத்து நாமக்கல் வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. பள்ளியிலிருந்து ஒரு கடையில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், வர முடியாது என்றாள். வர விருப்பமும் இல்லை. முன்பு ஒருமுறை வந்தபோது என் தம்பியைப் பார்த்து, "மாமா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டாள். ஏழு வயதுப் பிள்ளையைக்கூட "வாங்க சாமி" என்கிற வீட்டில் அந்த "நீ" கூடத்து நடுவில் விழுந்து கிடந்தது. யாரும் திருத்தாமலேயே அவளுக்கு ஏதோ தப்பு என்று புரிந்துபோயிற்று. அதிலிருந்து போனில் மாமாவிடம் கையை மட்டும் ஆட்டுகிறாள்.

தம்பி சரவணன் பட்டறை சேலம் ரோட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக, இன்ஜினும் சட்டமும் சக்கரமுமாக மட்டும் வரும் லாரிக்கு கேபினும் பின்பக்கப் பாடியும் கட்டி, பெயிண்ட் அடித்து, ஓட்டத் தயாராகக் கொடுப்பார்கள்.

நான் பட்டறைக்குப் போன முதல் நாளே சண்டைச் சத்தம். தம்பியிடம் பல வருடமாக வண்டி கட்டுகிறவர் ஒருவர், முடிந்த வண்டியை எடுக்க வந்திருந்தார்.

"இருவத்தஞ்சு நாளுன்னு சொன்னீங்க சரவணா. இன்னிக்கு நாப்பத்தொண்ணு. அடுத்த ரெண்டு சேஸிஸ நான் சங்ககிரிப் பட்டறைக்கு அனுப்பிக்கறேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் கத்தவில்லை. கத்தியது தம்பிதான், உள்ளே போய், யாரிடமோ. அவர் போனபின் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, இப்படி இந்த வருசம் இவரு மூணாவது ஆளுங்க. இப்படியே போச்சுன்னா பாதிப் பேர ஊட்டுக்கு அனுப்போணும்."

மறுநாள் காலை ஒரு புது சேஸிஸ் உள்ளே வந்தது. ஓட்டிவந்தவர் குமரேசன், தம்மம்பட்டிப் பக்கம். பதினெட்டு வருடம் அடுத்தவர் லாரி ஓட்டியவர். இது அவர்கள் வாங்கிய முதல் சொந்த வண்டி. அவர் மனைவி பூங்கொடி முன்னால் இறங்கி நேராக என்னிடம் வந்தார். நான்தான் ஆபீஸ்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளுல முடிப்பீங்க?"

"இருபத்தஞ்சு நாளுங்க" என்றான் தம்பி, பின்னாலிருந்து.

"முப்பது நாள் வச்சுக்கோங்க. ஆனா முப்பத்தொண்ணு ஆவக்கூடாது. முட்டைப் பண்ணைக்காரரு முப்பது நாளுதான் டைம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள வண்டி வந்து நின்னா லோடு எங்களுக்கு, இல்லைன்னா வேற ஆளுக்கு. இவரு பாத்துட்டிருந்த வேலையையும் உட்டுட்டாரு."

தம்பி தலையாட்டினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பஸ் ஏறப் போனபிறகு கேட்டேன்:

"டேய், முடியுமா?"

"தெரியலீங்க்கா."

"அந்த நாப்பத்தோரு நாள் வண்டி எங்கெங்க நின்னுச்சுன்னு நான் பாக்கட்டுமா? எனக்கு அது மட்டுந்தான் தெரியும்."

"பாருங்க" என்றான். நம்பிக்கையோடு சொல்லவில்லை. வேறு யாரும் ஒன்றும் சொல்லாததால் சொன்னான்.

4

நாலு நாள் நோட்டும் கையுமாக அலைந்தேன். அந்த நாற்பத்தோரு நாள் வண்டிக்கு யார் எந்த நாளில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். வருகைப் பதிவு, சாமான் வந்த சீட்டு, போனில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். தகடு சுற்றிவந்த பழுப்புத் தாளை விரித்து, வெல்டிங், தச்சு வேலை, டிங்கர், பெயிண்ட், வயரிங், சீட் என்று கட்டம் போட்டேன். கூட்டிப் பார்த்தபோது நானே மறுபடி கூட்டினேன். நாற்பத்தோரு நாளில் அந்த வண்டிமேல் கை பட்டது ஒன்பது நாள். மீதி முப்பத்திரண்டு நாள் அது நின்றிருக்கிறது.

தாளைச் சுவரில் ஒட்டினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் தொழிற்சாலைப் பழக்கத்தில் ஒவ்வொரு காத்திருப்புக்குப் பக்கத்திலும் பெயரை எழுதிவிட்டேன். அங்கே அது சாதாரணம். தன் பெயரைப் பார்த்தால் வந்து பேசுவார்கள். இங்கே ஒரு இடத்தில் "ராஜேந்திரன் – ஆறு நாள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ராஜேந்திரன் பட்டறையின் மூத்த வெல்டர். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவர் வராததால் அவரோடு சேர்ந்து வேலை செய்யும் இரண்டு பேரும் வரவில்லை.

பெயிண்டர் அப்துல் பாய் சேலத்துக்காரர். டப்பாவைக் கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தங்கச்சி, பேர எழுதி செவுத்துல ஒட்டுறது போலீஸ் ஸ்டேஷன்லதாம்மா."

தாளைக் கிழித்து எடுத்தேன். தம்பியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மோகனூர் ரோட்டில் ராஜேந்திரன் வீட்டைத் தேடிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். அந்த மரியாதை இன்னும் சங்கடமாக இருந்தது.

"தப்புப் பண்ணிட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"ஆறு நாளு நான் சும்மா இருந்தேன்னு எழுதிருக்கறீங்க. இருந்தனுங்க. இல்லைன்னு சொல்லலை. எதுக்கு இருந்தேன்னு கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

"சைடு எத்தினி அடி ஒசரம்னு அளவுச் சீட்டு வரோணும். அதுல மொதலாளி கையெழுத்துப் போடோணும். அது ஆறு நாளா வல்லீங்க. அளவு இல்லாம இரும்ப வெட்டிட்டு அப்பறம் யாரு பதில் சொல்றது? பதினஞ்சு வருசமா இந்தப் பட்டறையில இருக்கறேன். என்ற மவன் அங்க வந்து அந்தத் தாளப் பாத்திருந்தா என்ன நெனப்பான்?"

முறையை நான் பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறவள். ஆளைத் தொடராதே, பொருளைத் தொடர் என்பதுதான் முதல் பாடம். அதை மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

"புதுசா எழுதுறேங்க. வண்டி பேரு மட்டுந்தான் இருக்கும். நீங்க பக்கத்துல நின்னு சரி பாத்துக் குடுக்கோணும்."

உரித்த வெங்காயத்தைக் கூடையில் போட்டார்.

"காலைல வாரனுங்க" என்றார்.

5

புதுத் தாளை ராஜேந்திரன் கூட நின்று போட்டோம். பெயர் இல்லாமல் போட்டபோது, காத்திருப்பு எல்லாம் ஆள்களிடமிருந்து நகர்ந்து இரண்டு இடத்தில் குவிந்தது.

ஒன்று, பட்டறையின் நடுக்களம். சேஸிஸ் வந்து நின்றால் ஓனர்கள் "எப்போ ஆரம்பிப்பீங்க" என்று நச்சரிப்பார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த எல்லா வண்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்துவிடுவார்கள். அந்த வாரம் பூங்கொடியின் வண்டியோடு சேர்த்து ஏழு வண்டி திறந்து கிடந்தது. ஏழிலும் வேலை தொடங்கியிருந்தது. ஒன்றும் முடிகிற வழியாக இல்லை.

இரண்டாவது எங்கே என்று தாளைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி மனைவி கவிதாதான் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள். எப்போதும் மெல்லப் பேசுகிறவள். அன்று மத்தியானம் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அளவுச் சீட்டுகள், பலகை ஆர்டர், கண்ணாடி ஆர்டர், எல்லாம் தம்பியின் கையெழுத்துக்காக அடுக்கியிருந்தன.

"இத அளந்தீங்களா அண்ணி?"

அளந்தோம். போன வண்டி அந்தத் தட்டில் மட்டும் பதினாலு நாள் இருந்திருக்கிறது.

தம்பியிடம் நான்தான் சொன்னேன். அவன் தாளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், கவிதாவைப் பார்த்தான்.

"அப்ப என்ற பட்டறைக்கு நாந்தான் தடங்கலுங்களா? வெயில்ல, மழையில அலையறவன் நானு. வெளிநாட்டுலருந்து வந்து நாலு நாள்ல கண்டுபுடிச்சுட்டீங்க."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கவிதா தட்டை உள்ளே கொண்டு போகவில்லை. அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் இனியா வீடியோவில் வந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னேன். பாதித் தமிழ், பாதி ஜெர்மன். அவள் சிரித்தாள்.

"அம்மா, என் ஸ்கூல் டூர் பேப்பர் உன் மேசைல ரெண்டு வாரம் இருந்துச்சு. நான் மூணு தடவை சொன்னேன். கடைசி நாள் அப்பா கையெழுத்துப் போட்டாரு. உனக்கு அது ஞாபகமே இல்ல, இல்ல?"

இல்லை. ஞாபகமே இல்லை. கொஞ்ச காலமாக அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை; அதற்கு மொழியும் நாடும் வயதும்தான் காரணம் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். கேட்டுக் கேட்டுக் காத்திருந்து, பிறகு கேட்பதை நிறுத்தியிருக்கிறாள்.

அடுத்த நாள் காலை தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்து அதைச் சொன்னேன். முறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேசையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, ஒரு தாட்டி அளவுச் சீட்ட பாக்காம கையெழுத்துப் போட்டுட்டன். அகலம் கூடிப்போச்சு. ஆர்டிஓ இன்ஸ்பெக்சன்ல வண்டியத் திருப்பி அனுப்பிட்டாங்க. பாடிய அறுத்து மறுபடி கட்டுனோம். அந்த ஓனரு எல்லாத்து முன்னாடியும் என்னயக் கேட்ட கேள்வி இருக்குதே... அதுலருந்து ஒவ்வொரு சீட்டையும் நானே நாலு தடவ பாக்காம போடறதில்லீங்க. பாக்க நேரமும் கெடைக்கறதில்ல."

சோம்பல் இல்லை, பயம். இத்தனை வருடத்தில் எத்தனை மேலாளர்களின் மேசையில் எத்தனை தாள்கள் இப்படிப் பயத்தில் கிடந்தனவோ, நான் யாரையும் காரணம் கேட்டதில்லை.

"அப்ப ஒருத்தனா பாக்காத. எல்லாரும் சேந்து ஒரே நாள்ல பாக்கலாம்" என்றேன்.

அன்றைக்கு மூன்று முடிவு எடுத்தோம். வண்டி ஆரம்பிக்கிற நாளில் ஓனர், டிரைவர், வெல்டர், தச்சர், பெயிண்டர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மொத்த அளவையும் ஒரே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்தச் சீட்டிலிருந்து சாமான் ஆர்டரைக் கவிதாவே போடுவது, தம்பியிடம் கேட்காமல். நாலு வண்டிக்கு மேல் பட்டறைக்குள் திறக்காமல் இருப்பது.

மூன்றாவதுதான் வலித்தது. திறந்து கிடந்த ஏழில் மூன்றை வெளியே தள்ளி நிறுத்தவேண்டும். ஓனர்கள் போன் செய்து கத்தினார்கள். தம்பி ஒவ்வொருவருக்கும் அவனே பதில் சொன்னான்: "இன்ன தேதிக்கு உள்ள எடுப்பன், இன்ன தேதிக்கு வெளிய குடுப்பன். நடுவுல கேக்காதீங்க." ஒருவர் சேஸிஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தம்பி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து, "சரி, ஆரம்பிங்க" என்றான்.

பூங்கொடியின் முப்பது நாளில் ஏழு நாள் அதற்குள் போயிருந்தது.

6

அளவு எழுதும் நாளன்று பூங்கொடியும் குமரேசனும் வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தோம். ராஜேந்திரன் அளவு கேட்கக் கேட்க கவிதா எழுதினாள். அப்துல் பாய் தன் படப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். மயில், தாமரை, பக்கமெல்லாம் கொடி. அந்த அலங்காரத்துக்கு மட்டும் நாலு நாள் ஆகும்.

"மயிலெல்லாம் வேணாங்க பாய்" என்றார் பூங்கொடி. "சீட்டுக்குப் பின்னாடி படுக்கற பலக இருக்குது பாருங்க, அது ஆறடிக்கு மேல வேணும். இவரு ஒசரம். பதினெட்டு வருசமா காலை மடக்கியே தூங்கி, ஊட்டுக்கு வந்தாலும் கால நீட்டத் தெரியல."

குமரேசன் வெட்கப்பட்டு, "ஏய், சும்மா இரு" என்றார்.

ராஜேந்திரன் கையிலிருந்த டேப்பை நீட்டி, குமரேசனை எழுந்து நிற்கச் சொல்லி, உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜேந்திரன் சிரிக்கவில்லை. "இத்தினி வருசத்துல டிரைவர அளந்ததே இல்லீங்க" என்றார்.

வாங்குகிறவருக்கு எது மதிப்பு என்று கேட்பதிலிருந்துதான் எங்கள் தாள் தொடங்கும். நான் நூறு முறை எழுதியிருக்கிறேன். ஒரு மனிதனின் காலை நீட்டும் இடமாக அதை அன்றுதான் பார்த்தேன்.

அப்துல் பாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை. "முன்னாடி பேராச்சும் எழுதணும்மா. என்ன பேரு?" என்றார். பூங்கொடி பிள்ளைகள் பேரைச் சொல்ல வாயெடுத்தார். குமரேசன் முந்திக்கொண்டார்: "பூங்கொடின்னு எழுதுங்க பாய்." அன்று அவர் சத்தமாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

வேலை நடந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கை பட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் ஒரு சிக்கல் வந்தது. பாடியின் தரைக்கு வந்த தகடு சொன்ன கனத்தில் இல்லை, மெல்லிசு. பழைய வழக்கப்படி அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருப்பார்கள். "மாத்தி வரும்" என்று ஒரு வாரம் ஓடியிருக்கும். ராஜேந்திரன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, தகடு தப்பா வந்திருச்சு. நான் அடுத்த வண்டிக்குப் போகமாட்டன். இங்கியேதான் நிப்பன்."

தம்பி பட்டறையில் இல்லை, ஈரோட்டுப் பக்கம் பள்ளிபாளையத்தில் ஒரு வேலையாக இருந்தான். போன் எடுக்கவில்லை. கவிதா இரண்டு நிமிஷம் நகத்தைக் கடித்தாள். பிறகு சின்ன லோடு வண்டியை வரச்சொல்லி, தகடு முழுவதையும் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் அவளே ஏறி உட்கார்ந்து சேலத்துக்குக் கிளம்பிவிட்டாள். பதினொரு வருடக் குடித்தனத்தில் சாமான் வாங்க அவள் தனியாகப் போனது அதுதான் முதல்முறை. நாலு மணிக்குச் சரியான தகட்டோடு வந்து இறங்கினாள்.

"மாத்திக் குடுக்கற வரைக்கும் கடை வாசல்ல வண்டிய எடுக்கமாட்டன்னு சொல்லிட்டனுங்க அண்ணி" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

தம்பி வந்ததும் விஷயம் கேட்டு, தகட்டைத் தடவிப் பார்த்தான். "சரியா இருக்குது" என்றான். அவ்வளவுதான். அவளுக்கு அது போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மறுநாளிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் தட்டு ஆபீஸில் இல்லை. எங்கே போனது என்று அவனும் கேட்கவில்லை.

இருபத்தேழாம் நாள் வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்தது. இன்னும் இன்ஸ்பெக்சன் இருக்கிறது. அங்கே எங்களால் எதையும் அவசரப்படுத்த முடியாது. எங்கள் பக்கத்துத் தாள் ஒன்றும் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் முடியும். கவிதா ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். பெயர், எழுத்து, எண் என்று நானும் மூன்று முறை சரிபார்த்தேன்; எழுத்துப் பிழையின் விலை எனக்குத் தெரியும். இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் வண்டி பண்ணை வாசலில் நின்றது. முதல் லோடு முட்டை ஏறியதைப் பூங்கொடி போனில் படம் எடுத்து அனுப்பினார். கூடவே இன்னொரு படம். குமரேசன் கேபினில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். கால் விரலுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

7

நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்தபின் எல்லாம் அப்படியே நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் வேலை குவிந்தது. "நோம்பி நேரங்க்கா, எல்லாத்தையும் அனுசரிக்கோணும்" என்று தம்பி ஐந்தாவது வண்டியைத் திறந்தான். பிறகு ஆறாவதை. இங்கே என் சமையலறையில் நின்றுகொண்டு என்னால் என்ன செய்ய முடியும்? போனில் எடுத்துச் சொன்னேன். "சரிங்க்கா" என்றான். அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நானும் வீட்டில் இனியாவிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவள் என்ன தாளைக் கொடுத்தாலும் அன்றைக்கே படிப்பேன், அவள் முன்னால் உட்கார்ந்து. முதல் மாதம் அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டாவது மாதம் நூலகச் சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். அதற்குக் கையெழுத்தே தேவையில்லை. நான் போட்டேனா என்று பார்க்கக் கொடுத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். போட்டேன்.

இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை கவிதா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது.

"அண்ணி, நேத்து ஒரு விசயம் நடந்துபோச்சுங்க. ஏற்கெனவே நாலு வண்டி உள்ள நிக்குது. உங்க தம்பி அஞ்சாவத உள்ள எடுக்கச் சொன்னாரு. நான் வாசக் கேட்டச் சாத்திப் பூட்டிட்டனுங்க."

"நீயா?"

"ஆமாங்க. ராஜேந்திரண்ணனும் வந்து பக்கத்துல நின்னுட்டாரு. இவரு கத்துனாரு. எல்லாத்து முன்னாடியுமே கத்துனாரு. பாய்கூட பிரஷ வச்சுட்டு வந்துட்டாரு. நான் ஒண்ணுமே பேசலீங்க. சாவிய மட்டும் குடுக்கல. அரை மணி நேரம் கழிச்சு, அவரே போய் அந்த ஓனருகிட்ட, வர்ற பத்தாந்தேதி உள்ள எடுக்கறன்னு சொல்லிட்டு வந்துட்டாரு."

"அவன் இன்னும் கோவமா இருக்கானா?" என்று கேட்டேன்.

"இருக்கறாருங்க. இருக்கட்டும். பட்டறை அவுருதுங்க அண்ணி. கேட்டு என்னுதுங்க."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி வந்திருக்கிறதாம், அளவு பார்க்கவேண்டுமாம். "வெக்கட்டுங்களா, சோலி கெடக்குது" என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டாள்.